கரண்ட் பில்லையும் சேர்த்து அனுப்புங்கள்

போன மாதம் இந்தப் பக்கத்தின் அடியில், "அடுத்த முறை ஹைபிரிட், மின்சாரக் கார் சந்தேகங்கள் மட்டும்" என்று ஒரு வரி போட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: எது லாபம்? மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறேன், வீட்டில் எத்தனை யூனிட் வருகிறது என்று சேர்த்து எழுதியவர்கள் மூன்றே பேர். டாக்டரிடம் போய் உடம்புக்கு என்ன என்று சொல்லாமல், "நல்ல மாத்திரை எது?" என்று கேட்டால் அவர் என்ன செய்வார்? அந்த மூவரில் ஒருவரிடமிருந்து தொடங்குகிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கோவையில் முப்பத்தோரு வருடம் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவன் நான். இப்போது கையில் கிரீஸ் இல்லை, ஒரு கணக்கு நோட்டு மட்டும் இருக்கிறது. மகனிடம் ஸ்ட்ராங் ஹைபிரிட் (பெட்ரோல் எஞ்சினோடு, சக்கரத்தைத் தனியாகச் சுற்றும் தெம்புள்ள மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்தது), சென்னையில் இருக்கும் மகளிடம் மின்சாரக் கார். இருவரும் மாதம் பிறந்ததும் ஓடோமீட்டர் படத்தையும் பில்லையும் வாட்ஸப்பில் அனுப்பியாக வேண்டும். அனுப்பாவிட்டால் போன் போடுவேன். கீழே வரும் மைலேஜ் எல்லாம் அந்த நோட்டிலிருந்து எடுத்தது.

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் அக்கவுண்டன்டாக இருக்கிறேன். மாதம் 1,200 கி.மீ. ஓடும். சொந்த வீடு, போர்டிகோ உண்டு. இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் வருகிறது. ஒரு ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்கும் ஒரு மின்சார எஸ்.யூ.வி.க்கும் கொட்டேஷன் வாங்கினேன். விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். "மின்சாரம் என்றால் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது" என்கிறார்கள் ஷோரூமில். நம்பலாமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: அக்கவுண்டன்ட் என்று நீங்கள் சொல்லாவிட்டாலும் கண்டுபிடித்திருப்பேன். யூனிட்டை எழுதியிருக்கிறீர்களே!

அந்த ஒரு ரூபாய் எப்படி வருகிறது தெரியுமா? விளம்பரத்தில் போட்டிருக்கும் தூரத்தை பேட்டரியின் யூனிட்டால் வகுத்து, ஒரு யூனிட் ஆறேழு ரூபாய் என்று போட்டுவிடுகிறார்கள். இதில் இரண்டு ஓட்டை. முதலாவது, மீட்டரில் ஓடும் யூனிட் முழுவதும் பேட்டரிக்குள் போவதில்லை. பத்துக்கு ஒன்று சார்ஜரிலும் வயரிலும் சூடாகப் போய்விடும். மகளின் கார் திரையில் யூனிட்டுக்கு 6.7 கி.மீ. என்று காட்டும். மீட்டரில் பார்த்தால் 6 தான். நாம் பணம் கட்டுவது மீட்டருக்கு.

இரண்டாவது ஓட்டைதான் பெரியது. நம் ஊர் வீட்டு மின்கட்டணம் தட்டையானது இல்லை, மாடிப்படி மாதிரி. 2024 ஜூலையில் மாறிய கட்டணத்தை வைத்துப் பார்ப்போம். இரண்டு மாத பில்லில் முதல் 100 யூனிட் இலவசம். 400 வரை ஐந்து ரூபாய்க்குள். 401-லிருந்து ஆறு ரூபாய்க்கு மேல், 501-லிருந்து எட்டரை வாக்கில், 601 முதல் 800 வரை ஒன்பதரை வாக்கில், 800-ஐத் தாண்டினால் பத்தே முக்கால் வாக்கில், ஆயிரத்தைத் தாண்டினால் பதினொன்றரைக்கும் மேல். மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால், 101 முதல் 200 வரைக்கு இருந்த பாதி விலைச் சலுகையும் போய்விடும். மிக்ஸி, ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் கீழ்ப்படிகளில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன. கடைசியாக வந்த காருக்கு மேல்படிதான் கிடைக்கும்.

உங்கள் கணக்கைப் போடுகிறேன். இரண்டு மாதத்துக்கு 2,400 கி.மீ. யூனிட்டுக்கு 6 கி.மீ. என்றால் 400 யூனிட். உங்கள் 380 இனி 780 ஆகும். இப்போது சுமார் 1,100 ரூபாய் கட்டுகிறீர்கள். அது 4,600 வாக்கில் ஏறும். ஆக, கார் குடித்த கரண்டுக்கு 3,500 ரூபாய். யூனிட் ஒன்று எட்டே முக்கால் ரூபாய்க்கு விழுகிறது, கிலோமீட்டர் ஒன்றரை ரூபாய்க்கு உள்ளே. ஷோரூம்காரர் சொன்னது பொய்தான், ஆனால் ஊரை ஏமாற்றும் பொய் இல்லை.

இப்போது ஹைபிரிட். மாருதியின் கிராண்ட் விட்டாரா, டொயோட்டாவின் ஹைரைடர் இரண்டிலும் ஒரே ஹைபிரிட் அமைப்புதான். கார்களைச் சோதிக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. அமைப்பின் சான்றில் லிட்டருக்கு 27.97 கி.மீ. மகனிடம் இருப்பதும் அதே அளவு கார்தான். அவன் நோட்டில் வருடச் சராசரி 21. அவனுக்கு ஆக்ஸிலேட்டர்மேல் பிரியம் அதிகம், நீங்கள் 22, 23 கூட எடுக்கலாம். 21 என்றே வைப்போம். பெட்ரோல் 101 ரூபாய் என்றால் 2,400 கி.மீ.க்கு 11,500. இதே உயரம், இதே எடை உள்ள சாதாரண பெட்ரோல் கார் 14 கொடுத்தால் 17,300 ஆகும்.

அதாவது மின்சாரக் காரில் ஹைபிரிட்டைவிட இரண்டு மாதத்துக்கு எட்டாயிரம் மிச்சம். வருடத்துக்கு நாற்பத்தெட்டாயிரம். எண்ணெய் மாற்றும் செலவு கிடையாது. கட்டாயமாகப் போட வேண்டிய தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் பிரீமியத்தில் மின்சாரக் காருக்கு 15 சதவீதமும் ஹைபிரிட்டுக்கு ஏழரை சதவீதமும் கழிவு உண்டு. 2022-இல் வந்த விதி அது. எதிர்ப்பக்கம் டயரை எழுதிக்கொள்ளுங்கள். மின்சாரக் கார் கனம் அதிகம், கிளம்பும்போது இழுப்பும் அதிகம். மகளுக்கு முன் டயர் இரண்டும் 31,000 கி.மீ.யில் வழுக்கையாகிவிட்டன. பிரேக் பேட் இரண்டு காரிலும் சாமானியமாகத் தேயாது, மோட்டாரே வண்டியைப் பிடித்து நிறுத்திவிடுகிறது.

உங்களுக்கு மின்சாரக் கார்தான். தயங்க வேண்டாம். ஆனால் ஒன்று. நெடுஞ்சாலையில் இருக்கும் வேக சார்ஜரில் யூனிட் இருபது, இருபத்தைந்து ரூபாய். அங்கே நூறில் போகும்போது யூனிட்டுக்கு ஐந்தரை கி.மீ. கிடைத்தாலே பெரிது. அப்போது கிலோமீட்டர் நாலு ரூபாயைத் தொடும், ஹைபிரிட்டின் நாலு ரூபாய் எண்பது காசுக்குப் பக்கத்தில் வந்துவிடும். போர்டிகோவில் ஒரு 15 ஆம்ப் பிளக்கும் ஒழுங்கான எர்த்தும் போதும். உங்கள் ஓட்டத்துக்கு ராத்திரி இரண்டு, இரண்டரை மணி நேரம் போட்டால் ஆயிற்று. எர்த் சரியில்லை என்றால் பல கார்கள் சார்ஜ் ஏறவே மாட்டேன் என்று அடம் பிடிக்கும். முதலில் எலக்ட்ரீஷியனை வரச் சொல்லுங்கள், ஷோரூமுக்கு அப்புறம் போகலாம்.

கேள்வி: மின்சாரக் கார் புகை விடாது என்பது ஊரை ஏமாற்றும் வேலை, புகை அனல்மின் நிலையத்துக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான் என்று என் நண்பன் வாதாடுகிறான். நம் தமிழ்நாட்டில்தான் காற்றாலை இவ்வளவு இருக்கிறதே என்று நான் சொல்கிறேன். யார் சரி?
- கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பதில்: இரண்டு பேருமே பாதி சரி. உங்கள் பாதியை முதலில் எடுக்கிறேன். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலைதான், உண்மை. ஆடிக் காற்றில் அவை சுற்றும் சுற்றில் மின்சாரம் கொட்டும். ஆனால் 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் லைன் வழியாகத் தென்னிந்திய மின்தொகுப்பு மற்ற இந்தியாவோடு இணைந்துவிட்டது. அன்றிலிருந்து நாடு முழுக்க ஒரே குளம். முப்பந்தலில் ஊற்றுவதும் அதில்தான், ஜார்க்கண்ட் நிலக்கரி ஊற்றுவதும் அதில்தான். நம் தெருக் குழாயில் காற்றாலைத் தண்ணீர் மட்டும் வரும் என்று சொல்ல முடியாது.

அந்தக் குளத்துத் தண்ணீர் எவ்வளவு கறுப்பு? மத்திய மின்சார ஆணையம் வருடா வருடம் கணக்குப் போடுகிறது. ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.72 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு. 2025-இல் நாட்டின் மின் நிறுவுதிறனில் பாதி நிலக்கரி, எண்ணெய், எரிவாயு அல்லாதது ஆகிவிட்டது என்று கொண்டாடினோம். சரிதான், ஆனால் அது திறன். சோலார் பலகை ராத்திரி தூங்கும், அனல் நிலையம் தூங்காது. உண்மையில் உற்பத்தியாகும் யூனிட்டில் முக்கால் பங்கு வாக்கில் இன்னும் நிலக்கரிதான்.

யூனிட்டுக்கு 6 கி.மீ. என்றால், கி.மீ.க்கு 120 கிராம். இந்த 0.72 என்பது மின் நிலையத்து வாசலில் எடுத்த கணக்கு. வழியில் லைனில் கரைவதையும் சேர்த்தால் 135, 140 கிராம் வரும்.

ஹைபிரிட்டுக்குப் போவோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு. லிட்டர் முக்கால் கிலோதானே, புகை எப்படி இரண்டே கால் கிலோ என்று கேட்பீர்கள். மீதி எடை காற்றிலிருந்து சேரும் ஆக்ஸிஜன். 21 கி.மீ. மைலேஜில் இது கிலோமீட்டருக்கு 110 கிராம். மின்சாரத்துக்கு நிலக்கரி வரை போய்ப் பார்த்தோம், பெட்ரோலுக்கு பங்க்கோடு நின்றுகொண்டால் நியாயமில்லை. எண்ணெய் எடுக்க, கப்பலில் கொண்டுவர, சுத்திகரிக்க என்று இன்னும் ஐந்தில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோ சேர்க்க வேண்டும். 135 வாக்கில் வருகிறது.

எண்களைத் திரும்பப் பாருங்கள். 135, 135. முதல் தடவை இதைப் போட்டுவிட்டு எங்கேயோ தப்பு என்று நோட்டை மூடிவைத்து, காபி குடித்துவிட்டு வந்து மறுபடி போட்டேன். அதேதான் வந்தது. இன்றைய இந்திய மின்சாரத்தில், ஓட்டத்தில் வெளியாகும் கார்பனைப் பொறுத்தவரை நல்ல ஹைபிரிட்டும் மின்சாரக் காரும் ஏறக்குறைய சமம். சாதாரண பெட்ரோல் கார்தான் 200 கிராமில் தனியாக நிற்கிறது. ரூபாயில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போகும் கார், கார்பனில் மட்டும் அசையாமல் நிற்கிறது. விலையைப் பார்த்துப் புகையை ஊகிக்கக் கூடாது.

உங்கள் நண்பர் இதைப் படித்துவிட்டுக் குதிக்கும் முன் அவரிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். ஹைபிரிட் வாங்கிய அன்று என்ன புகையோ, பத்து வருடம் கழித்தும் அதேதான், எஞ்சின் தேயத் தேயக் கூடத்தான் செய்யும். மின்சாரக் காரின் புகை மின்தொகுப்போடு சேர்ந்து மாறும். குளம் தெளிந்தால் பழைய காரும் தெளியும். வீட்டு மாடியில் சோலார் போட்டுப் பகலில் சார்ஜ் செய்தால் இன்றைக்கே கிலோமீட்டருக்குப் பத்து கிராமுக்குக் கீழே வந்துவிடும். பகலில் என்று அழுத்திச் சொல்கிறேன். பகலில் இ.பி.க்கு யூனிட்டைக் கொடுத்துவிட்டு ராத்திரி வாங்கிச் சார்ஜ் போட்டால் பில் குறையும், ஆனால் ராத்திரி உங்கள் காருக்குள் போவது பெரும்பாலும் கரிதான். மாலை ஆறிலிருந்து பத்து மணி வரை ஊரே லைட்டும் ஏ.சி.யும் போடும் நேரம், அப்போது சார்ஜ் போடுவது எல்லாவற்றிலும் மோசம்.

பேட்டரி செய்வதிலும் கார்பன் உண்டு. ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 60 முதல் 100 கிலோ என்பது பொதுவான மதிப்பீடு. 40 யூனிட் பேட்டரி என்றால் மூன்று டன் வாக்கில் கடனோடுதான் கார் வீட்டுக்கு வருகிறது. பெட்ரோல் காருக்குப் பதிலாக வாங்கினால் ஐம்பதாயிரம் கி.மீ. வாக்கில் கடன் அடையும். ஹைபிரிட்டுக்குப் பதிலாக வாங்கி, மின்தொகுப்பு இப்படியே இருந்தால் அடையவே அடையாது. சொந்த சோலார் என்றால் இருபத்தைந்தாயிரத்தில் அடைந்துவிடும். பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் இருக்கிறது. நம் வெயிலில் அது நாளுக்குப் பன்னிரண்டு யூனிட் தரும். உங்கள் அப்பாவிடம் காட்டுங்கள்.

நண்பர் சொன்ன "இடம் மாறுகிறது" என்பதைச் சாதாரணமாக விடவும் எனக்கு மனமில்லை. காந்திபுரம் சிக்னலில் நிற்கும் டிராஃபிக் போலீஸ்காரர் மூச்சில் போகும் புகை குறைவது பெரிய விஷயம். ஆனால் அனல்மின் நிலையச் சாம்பலோடு எண்ணூரிலும் மேட்டூரிலும் தூத்துக்குடியிலும் ஆட்கள் வாழ்கிறார்கள். அவர்களில் பலரிடம் கார் கிடையாது.

கேள்வி: மேட்டுப்பாளையத்தில் வீடு, குன்னூரில் வேலை. ஸ்ட்ராங் ஹைபிரிட் வாங்கி நாலு மாதம் ஆகிறது. மலை இறங்கும்போது பர்லியாறுக்கு முன்பே எஞ்சின் தானாக உறுமத் தொடங்குகிறது. ஆக்ஸிலேட்டரில் கால்கூட வைக்கவில்லை. சர்வீஸில் "நார்மல்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பெட்ரோல் வீணாகிறதா?
- வங்கி ஊழியர், மேட்டுப்பாளையம்

பதில்: நார்மல்தான். ஆனால் ஏன் என்று யாராவது ஒருவர் ஐந்து நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருக்கலாம்.

குன்னூர் கடல்மட்டத்திலிருந்து 1,850 மீட்டர் வாக்கில், உங்கள் ஊர் 330 வாக்கில். ஆயிரத்தைந்நூறு மீட்டர் இறங்குகிறீர்கள். ஆளோடு ஒன்று புள்ளி ஆறு டன் எடையுள்ள வண்டியை அவ்வளவு உயரம் தூக்க ஆறரை யூனிட் சக்தி வேண்டும். காலையில் ஏறும்போது அதைப் பெட்ரோலாகக் கொடுத்தீர்கள். மாலையில் மலை திருப்பிக் கொடுக்கிறது. டயரும் காற்றும் தின்றது போக நாலரை யூனிட்டுக்கு மேல் மிஞ்சும். வாங்கி வைக்கப் பாத்திரம் எங்கே? உங்கள் வகைக் காரின் பேட்டரி மொத்தமே 0.76 யூனிட். அதிலும் அடிவரை காலி செய்யாது, விளிம்புவரை நிரப்பாது. சில கொண்டை ஊசியிலேயே நிறைந்துவிடும். அதற்குமேல் வரும் சக்தியை என்ன செய்வது? பிரேக்கில் விட்டால் பிரேக் சூடேறிவிடும். அதனால் கார் மோட்டாரை வைத்து எஞ்சினைச் சும்மா சுற்ற வைக்கிறது. நீங்கள் கேட்பது காற்றை அமுக்கும் சத்தம். பெட்ரோல் எரிவதில்லை, மைலேஜ் மீட்டரைக் கவனித்தால் தெரியும். லாரிக்காரர்கள் இரண்டாவது கியரில் இறங்குவார்களே, அதே வேலை. கியர் லீவரில் "B" என்று ஒரு இடம் இருக்கும் (வண்டியை நிறுத்தி வைக்கும் "P" இல்லை), இறக்கத்தில் அதில் போட்டுவிடுங்கள்.

மின்சாரக் காராக இருந்திருந்தால் இந்த இறக்கத்தில் மூன்று, மூன்றரை யூனிட் பேட்டரிக்குத் திரும்பியிருக்கும். கீழே வந்து இருபது கி.மீ. சும்மா ஓட்டலாம். மலைப்பாதைதான் இரண்டு வகைக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைப் பளிச்சென்று காட்டும் இடம். ஊட்டிக்கு மின்சாரக் காரில் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: மேலே ஓட்டலில் இலவசமாகக் கிடைக்கிறதே என்று 100 வரை சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். பேட்டரியில் இடம் இல்லாவிட்டால் மோட்டார் வண்டியைப் பிடிக்காது, முழுப் பாரமும் பிரேக் பேட்மேல் விழும். எண்பதோடு நிறுத்துங்கள்.

கேள்வி: என் எர்டிகாவின் பின்னால் ஹைபிரிட் என்று எழுதியிருக்கிறது. லிட்டருக்கு 15 தாண்டவில்லை. ஏமாந்துவிட்டேனா?
- வாசகர், மதுரை

பதில்: உங்களுடையது மைல்டு ஹைபிரிட். பெரிய ஆல்டர்னேட்டர், கூட ஒரு சின்ன பேட்டரி. சிக்னலில் எஞ்சினை நிறுத்தி எழுப்பும், கிளம்பும்போது லேசாகத் தள்ளிவிடும். சக்கரத்தைத் தனியாகச் சுற்ற அதற்குத் தெம்பு இல்லை. ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த எழுத்தை இத்தனை பெரிதாகப் போட்டிருக்க வேண்டாம்.

கேள்வி: ஐயா, யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருக்கிறேன். பள்ளிக்கூடம் போய்வர நாளுக்கு 35 கி.மீ. பழைய நிசான் லீஃப் ஒன்றும் பழைய டொயோட்டா அக்வா ஒன்றும் விலைக்கு வந்திருக்கின்றன. இரண்டும் பத்து வருடம் ஓடியவை. எதை எடுக்கலாம்?
- ஆசிரியர், யாழ்ப்பாணம்

பதில்: உங்கள் நாட்டில் 2020-இல் நின்றுபோன வாகன இறக்குமதி 2025-இல்தான் திறந்தது. இடையில் இருந்த வண்டியே கைமாறிக் கைமாறி ஓடியது. ஆகவே இரண்டையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

லீஃப் முழு மின்சாரக் கார். அதன் பேட்டரிக்குக் குளிரூட்டும் அமைப்பு கிடையாது. யாழ்ப்பாண வெயில் அதைச் சும்மா விட்டிருக்காது. டேஷ்போர்டில் சார்ஜ் காட்டும் மீட்டரின் வலது ஓரத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும், புதிதில் 12. அதுதான் பேட்டரியின் ஜாதகம். 24 யூனிட் மாடலில் கட்டம் ஒன்பதுக்குக் குறைந்திருந்தால் விட்டுவிடுங்கள். ஒன்பது, பத்து இருந்தால் உங்கள் 35 கி.மீ.க்குத் தாராளம். ஆனால் அதில் கொழும்புக்குப் போகலாம் என்று கனவு காணாதீர்கள், நானூறு கி.மீ. அது.

அக்வா ஹைபிரிட். அதில் பார்க்க வேண்டியது பின் சீட்டின் கீழே பக்கவாட்டில் இருக்கும் காற்றுச் சல்லடை. ஹைபிரிட் பேட்டரி மூச்சு விடுவது அதன் வழியாகத்தான். தூசி அடைத்துக் கிடந்தால் பேட்டரி வெந்துகொண்டிருந்தது என்று அர்த்தம். கையால் தடவிப் பாருங்கள். பத்து நிமிட வேலை, விற்பவர் முகத்திலேயே பாதி விடை தெரிந்துவிடும்.

புகைக் கணக்கு உங்களுக்கு எங்களைவிட நன்றாக இருக்கும். நுரைச்சோலையில் நிலக்கரி மின் நிலையம் இருந்தாலும், மழை பெய்த வருடத்தில் நீர்மின்சாரம் பெரும் பங்கு. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்சாரத் தேவை குறைந்து, வீட்டுக் கூரை சோலார்களைப் பகலில் அணைத்து வைக்கச் சொன்னார்களே, நினைவிருக்கும். அப்படி மிஞ்சும் பகல் வெயில் ஒரு லீஃபுக்குள் போனால் யாருக்கும் நஷ்டமில்லை. பள்ளிக்கூடத்தில் மர நிழலுக்குப் பக்கத்தில் ஒரு பிளக் கேட்டுப் பாருங்கள். கட்டம் ஒன்பது இருந்தால் லீஃப், இல்லாவிட்டால் சல்லடை சுத்தமாக இருக்கும் அக்வா.

கேள்வி: சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பு. மின்சாரக் கார் வாங்க ஆசை, பார்க்கிங்கில் பிளக் இல்லை. வெளியே சார்ஜ் போட்டே சமாளிக்கலாமா?
- இல்லத்தரசி, மேடவாக்கம்

பதில்: சமாளிக்கலாம், சந்தோஷமாக இருக்க முடியாது. கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் ஆகும், ஞாயிற்றுக்கிழமைகள் சார்ஜிங் வரிசையில் போகும். இந்த நிலைமையில் ஹைபிரிட் வாங்குபவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

என் மகள் கதையைச் சொல்கிறேன். தன் வீட்டு மீட்டரிலிருந்து தன் பார்க்கிங் வரை சொந்தச் செலவில் கேபிள் இழுக்க அனுமதி கேட்டாள். அசோசியேஷன் ஏழு மாதம் இழுத்தது. ஒருவர் "தீப்பிடிக்கும்" என்றார், இன்னொருவர் "பொது கரண்ட்டைத் திருடுவீர்கள்" என்றார். அந்த ஏழு மாதமும் வெளி சார்ஜரில் போட்ட பில் என்னிடம் இருக்கிறது, பார்த்தால் இப்போதும் வயிறு எரியும். இருக்கிற வீட்டு இணைப்பிலேயே கார் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறையின் வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. கடைசியில் அதைப் பிரிண்ட் எடுத்து, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனின் வரைபடத்தோடு கூட்டத்தில் வைத்த பிறகுதான் தலையாட்டினார்கள். தீப்பிடிக்கும் என்றவர் இப்போது மின்சாரக் கார் வைத்திருக்கிறார், கேபிள் எந்தக் கடையில் வாங்கியது என்று மகளிடம் கேட்டாராம். நீங்கள் கேபிளுக்கு அனுமதி கிடைத்த பிறகு கார் புக் பண்ணுங்கள். அவள் தலைகீழாகச் செய்தாள்.

கேள்வி: எட்டு வருடம் கழித்துப் பேட்டரி செத்துவிட்டால்?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: எட்டு வருடம் அல்லது 1,60,000 கி.மீ. என்று இரு வகைக்கும் பெரும்பாலும் வாரண்டி உண்டு. வாரண்டி முடிகிற அன்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அது செத்துப்போகாது, கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் குறையும். ஹைபிரிட் பேட்டரி சின்னது என்பதால் மாற்றும் செலவும் சின்னது, மின்சாரக் காருடையது காரின் விலையில் பெரும்பங்கு. செகண்ட் ஹேண்ட் சந்தையில் மின்சாரக் காரை அடிமாட்டு விலைக்குக் கேட்பதற்கு இந்தப் பயம்தான் காரணம். மூன்று வருடத்துக்கு ஒரு முறை கார் மாற்றும் பழக்கம் இருந்தால் இந்த நஷ்டத்தையும் கிலோமீட்டர் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, நீங்கள் என்ன கார் ஓட்டுகிறீர்கள்?
- வாசகி, பொள்ளாச்சி

பதில்: கேட்பீர்கள் என்று தெரியும். 2011 மாடல் சின்ன பெட்ரோல் கார். ஹைபிரிட்டும் இல்லை, மின்சாரமும் இல்லை. மாதம் 250 கி.மீ. ஓடினால் அதிகம்: உழவர் சந்தை, ஆஸ்பத்திரி, மருதமலை. பெட்ரோலுக்கு மாதம் 1,600 ரூபாய். புது மின்சாரக் கார் வாங்கினால் இதில் மாதம் ஆயிரத்து இருநூறு மிச்சமாகும், அதற்குப் பத்துப் பன்னிரண்டு லட்சம் போட வேண்டும். கார்பனிலும் அப்படியே. பேட்டரியின் மூன்று டன் கடனை இ.பி. கரண்ட்டில் என் ஓட்டத்துக்கு அடைக்கப் பதினைந்து வருடமாவது வேண்டும். எனக்கு இப்போது வயது அறுபத்தொன்பது.

ஆனால் வீட்டில் மின்சார வண்டி இருக்கிறது. மனைவியின் ஸ்கூட்டர். நூறு கி.மீ.க்கு மூன்று யூனிட் குடிக்கும். மாடியில் சோலார் போட்ட பிறகு, காலை பதினொன்றுக்கு மேல்தான் அதைச் சார்ஜில் போட வேண்டும் என்று பிளக் மேலே ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன். அவள் ராத்திரி எட்டு மணிக்குப் போடுகிறாள். காலையில் கோவிலுக்குப் போக வேண்டுமாம்.